பின்சீட்டில் அம்மா

அம்மா காலையிலிருந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பு மேடையைத் துடைக்கும்போது பாட்டு. துணி காயப்போடும்போதும் அதே பாட்டு. அப்பா சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு, பழைய வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூத்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்தாள். 'நம்ம ஏற்பாடு வேலை செய்யுது' என்று நினைத்துக்கொண்டாள்.

ஏற்பாடு அவளுடையதுதான். தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், சரக்குக் கப்பலில் சமையல்காரன். போன வாரம் கப்பல் கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது, அந்தப் பக்கம் புயல், கப்பலோடு பேச முடியவில்லை, தேடிப்போக ஆள் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். போனை வைத்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது அம்மாவின் பிரஷர். அடுத்தது அப்பாவின் தூக்கமில்லாத கண்.

"நடுக்கடல்ல சிக்னல் கிடைக்காதாம். கொஞ்ச நாளைக்கு அவன் போன் வராதாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு விட்டாளா? டிவிக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கி, "ரிப்பேர்" என்றாள். பேப்பர் போடுகிறவரிடம் கொஞ்ச நாள் போட வேண்டாம் என்றாள். மாடி வீடு, எதிர் வீடு, முக்குக் கடை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். "தயவு செஞ்சு அவனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க. வயசானவங்க, தாங்க மாட்டாங்க." கண்ணாடிக்கடை வைத்திருக்கும் தன் கணவரையும் விடவில்லை. "நீங்களும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாங்க. முகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கங்க."

"பின்னால தெரிஞ்சா என்ன சொல்லுவ?" என்று கேட்டார் அவர்.

"பின்னால பாத்துக்கலாம்."

இப்போது அம்மா பாடுகிறாள். அப்பா குறுக்கெழுத்துப் போடுகிறார். வேறென்ன வேண்டும்?

"சாப்பிட்டியாடி?" என்றாள் அம்மா.

"ஆச்சும்மா."

"பொய். கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு. உட்காரு."

"டிரைவிங் கிளாஸ் இருக்கும்மா. டைலரக்கா காத்துக்கிட்டிருப்பாங்க."

அப்பா பத்திரிகைக்கு மேலே எட்டிப் பார்த்தார். "டைலரா இன்னிக்கு? அப்ப தெருநாய்க்கெல்லாம் சொல்லி அனுப்பிடு. மாடியேறி நிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். மூத்தவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்று பேரும் அந்தக் கூடத்தில் நின்று சிரித்ததைப் பார்த்தால், இந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் யாரும் சொல்லுவார்கள்.

"நானும் அப்பாவும் கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரோம்" என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே.

"எதுக்கு? என்ன வேணும்னு சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்."

"ஒண்ணும் வாங்கல. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகுது."

நல்லதுதானே, காலாற நடக்கட்டும் என்று நினைத்தாள் மூத்தவள். சின்னவன் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதும், அதையும் தன் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள்.

*

டிரைவிங் ஸ்கூல் அப்பா ஆரம்பித்தது. ஒரே ஒரு கார். பயிற்சி கொடுப்பவர் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு மூத்தவள்தான் நடத்துகிறாள். காருக்குப் புது பெயின்ட் அடித்தாளே தவிர, அப்பா சொல்லிக்கொடுத்த முறையை மாற்றவில்லை. ஓட்டப் பழகுகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன்னால் என்ன போகிறது, பக்கத்தில் என்ன வருகிறது, கால் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். வாய் பேசிக்கொண்டிருந்தால் பயம் உள்ளே தங்காது என்பது அப்பாவின் கணக்கு.

இந்த முறையைக் கண்டுபிடித்ததே மாடி வீட்டு டைலரம்மாவுக்காகத்தானோ என்று மூத்தவள் சில நாள் நினைப்பதுண்டு. திரைச்சீலை தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டுகிற அம்மாள். சொந்தமாக வண்டி ஓட்டியே தீருவது என்று ஐம்பது வயதுக்கு மேல் கிளம்பியவள். பேச ஆரம்பித்தால் நூல்கண்டு உருண்ட மாதிரிதான்.

"முன்னால ஒரு சைக்கிள். சைக்கிள்காரரு போன் பேசிட்டே போறாரு. சட்டை காலரு கோணலா இருக்கு."

"காலர் வேணாம்க்கா. ரோட்டுல இருக்கறதை மட்டும் சொல்லுங்க."

"காலரும் ரோட்டுலதானே போகுது டீச்சர்?"

வயதில் இளையவளானாலும் கார் ஓடும்போது மூத்தவளை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். கார் நின்றால் பழையபடி நீ, வா, போ.

"இடப்பக்கம் பேக்கரி. வாசல்ல லாரி நிக்குது. லாரிக்குப் பின்னாலேருந்து யாராவது வரலாம். காலைப் பிரேக்குல வச்சிருக்கேன்."

"ரொம்பச் சரி."

"யாரும் வரல. காலை எடுத்துட்டேன். முன்னால மூணு சக்கர வண்டி, பெட்டி பெட்டியா ஏத்தியிருக்கான். வலப்பக்கம் மருந்துக்கடை. அதுக்குப் பக்கத்துல போட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோ வாசல்ல ரெண்டு பேரு. நம்ம அப்பா. நம்ம அம்மா. அம்மா கையில ஒரு கவரு. உள்ள போறாங்க."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். டைலரம்மாவும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கத்தை யார் பார்ப்பது? பெட்டி வண்டி நின்றது. மூத்தவளின் கால்தான் அவளைக் கேட்காமல் இரண்டாவது பிரேக்கை மிதித்தது. பெட்டிக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"வண்டி நின்னுடுச்சு" என்று சொல்லி முடித்தாள் டைலரம்மா, பழக்க தோஷத்தில்.

"ஓரமா விடுங்கக்கா."

ஓரமாக விட்டாள். மூத்தவள் ஸ்டுடியோ வாசலைத் திரும்பிப் பார்த்தாள். போட்டோ ஸ்டுடியோவுக்கு இவர்கள் எதற்குப் போகிறார்கள்?

"அக்கா, அம்மா உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேட்கல. நேத்து மாடிக்கு வந்தாங்க. மிஷின் பக்கத்துல உட்கார்ந்தாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உனக்கு என்கிட்ட ஒண்ணுமே கேட்கணும்னு இல்லையா?'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ அவ்வளவு தூரம் சொல்லி வச்சிருக்கியே. 'ஒண்ணுமில்லம்மா'ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"தலையை ஏன் குனிஞ்சீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற? நிமிர்ந்து பார்த்தா கேட்டுடுவேனே. ஒரு வாரமா நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு ஜுரமே வந்துடும் போல இருக்கு."

மூத்தவள் காரிலிருந்து இறங்கிவிட்டாள். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் என்ன வந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

*

ஸ்டுடியோ குறுகலாக, நீளமாக இருந்தது. உள்ளே குடை மாதிரி ஒரு விளக்கு, மலைச்சிகரம் வரைந்த திரை, அதன் முன்னால் ஒரு வட்ட முக்காலி. மேஜை மேல் கம்ப்யூட்டர். அதில் சின்னவனின் முகம் திரை முழுக்க விரிந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இது வேணாங்க. பல்லு தெரியுது" என்றாள் அம்மா.

"பல்லு தெரியாம அவன் என்னிக்கு இருந்தான்?" என்றார் அப்பா.

"சுவத்துல மாட்டறது. கொஞ்சம் அடக்கமா இருக்க வேணாமா?"

"அடக்கமா இருந்தா யாரோ மாதிரி இருக்கும். வீட்டுக்கு வர்றவங்க, இது யாருன்னு கேட்பாங்க."

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டார். "ஐயா, இதுல கண்ணு பாதி மூடின மாதிரி இருக்கு. திறந்து விடட்டுமா? இப்ப எல்லாம் பண்ணலாம்."

"வேணாம்பா" என்றாள் அம்மா. "அவன் சிரிச்சா அப்படித்தான் மூடிக்கும்."

மூத்தவள் வாசற்படியில் நின்றாள். உள்ளே போகக் காலும் வரவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

"பெரியவ எப்பதான் சொல்லுவா?" என்றார் அப்பா மெதுவாக.

"அவளாச் சொல்லட்டும். நாம கேட்க வேணாம். பாவம், எல்லாத்தையும் மனசுல போட்டுப் பூட்டிக்கிட்டு நம்ம முன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அந்த இடத்துலயே உடைஞ்சு போயிடுவா. படம் பீரோவுக்குள்ள இருக்கட்டும். அவ வாயைத் திறந்து சொன்னப்புறம் மாட்டிக்கலாம்."

"நீ இன்னிக்குக் காலையில கொஞ்சம் ஜாஸ்தியாப் பாடிட்ட. சந்தேகப்பட்டிருப்பா."

"நீங்க மட்டும்? நாய் மாடியேறும்னு ஒரு ஜோக்கு."

"அம்மா" என்றாள் மூத்தவள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அப்பா சட்டென்று நகர்ந்து கம்ப்யூட்டர் திரையை முதுகால் மறைத்தார். திரை பெரியது. அவர் தோளுக்கு மேலே சின்னவன் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

"சும்மாத்தான் வந்தோம்" என்றார் அப்பா. "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கலாம்னு."

"யாருக்குப் பாஸ்போர்ட்டுப்பா?"

அம்மா மூத்தவளைப் பார்த்தாள். ஒரு வாரமாகச் சிரிப்பை ஒட்டவைத்திருந்த முகம் இப்போது வெறும் முகமாக இருந்தது.

"சொல்லிடும்மா" என்றாள் அம்மா. பெற்ற பெண்ணை அம்மா 'ம்மா' போட்டுப் பேசுவது அபூர்வம். "எப்ப போனான்? அதையாவது சொல்லு."

"அம்மா, அவன் போகல."

"பரவாயில்ல. நாங்க தாங்கிக்குவோம். மறைக்காத."

"நெஜமாம்மா. அவன் போகல. அதாவது..." மூத்தவள் உள்ளே வந்தாள். "எனக்கும் தெரியல. இன்ஜின் நின்னு போச்சும்மா. நடுக்கடல்ல. அங்க புயலு. கப்பல்ல இருக்கறவங்ககூடப் பேச முடியல. தேடி ஒரு கப்பல் போயிருக்கு. தினம் சாயங்காலம் கம்பெனிக்காரங்க எனக்குப் போன் பண்றாங்க. நேத்து வரைக்கும் ஒரு சேதியும் இல்ல. நீ பயந்துடுவியேன்னு சிக்னல் இல்லேன்னு சொல்லிட்டேன்."

"இரு" என்றாள் அம்மா. "இன்னொரு தரம் சொல்லு. மெதுவா."

மூத்தவள் இன்னொரு தரம் சொன்னாள்.

"அப்ப, அவன் செத்துட்டான்னு யாரும் சொல்லல."

"சொல்லலம்மா."

"கப்பல் முழுகிடுச்சுன்னும் சொல்லல."

"இல்லம்மா."

"இன்ஜினுதான் நின்னுபோச்சு."

"ஆமா."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

எந்தச் சேதியைச் சொன்னால் அம்மா மூச்சு நின்றுபோகும் என்று பயந்து ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளோ, அதைக் கேட்டுத்தான் அம்மா அவ்வளவுதானா என்றாள். பின்னாலிருந்த வட்ட முக்காலியைக் கையால் தடவிப் பார்த்து அதில் உட்கார்ந்தாள். குடைவிளக்கு நேராக அவள் முகத்தில் அடித்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஸ்டுடியோக்காரருக்கே தெரியவில்லை. தினமும் முகத்தைப் பார்த்தே பிழைக்கிற மனுஷன் அவர்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்ஜினுன்னா எது? மெயின் இன்ஜினா? பம்பு ஓடுதாமா? கேட்டியா?"

"கேட்கலப்பா."

"கேட்க வேணாமா? பம்பு ஓடினா பாதி கவலை இல்ல."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு மூத்தவளின் தோளில் ஒன்று வைத்தாள். வலிக்கிற அடிதான்.

"ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? ஒரு வாரமா என் பிள்ளையை நான் சாகடிச்சு வச்சிருந்தேன்டி."

"அம்மா, பிரஷர் ஏறிடும்னுதான்..."

"ஏறாம இறங்கவா செஞ்சுது? முக்குக் கடைக்காரன் தினம், 'தம்பி எப்ப வருது, தம்பி எப்ப வருது'ன்னு உசுர எடுப்பான். போன வாரத்துலேருந்து சாமானைக் கட்டிக் கொடுத்துட்டுக் குனிஞ்சுக்கறான். எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்தா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கறா. டைலரம்மா பேசாம இருந்து யாராவது பார்த்திருக்கீங்களா? நான் போய்க் கையைப் பிடிச்சுக் கேட்டேன். தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டா. அப்புறம் நான் என்னன்னு நெனைக்கறது?"

"டிவி வயரை நீ பிடுங்கினதை அன்னிக்கே பார்த்துட்டேன்" என்றார் அப்பா. "திரும்பச் சொருகலாம்னு கையில எடுத்தேன். நீயே மறைக்கறேன்னா, பார்க்கக் கூடாத சேதி ஏதோ வருதுன்னு பயந்து அப்படியே வச்சுட்டேன். அதையாவது விடு. மாப்பிள்ளை வந்தாரே, வந்து என் லாரிக் கதையை முழுசா உட்கார்ந்து கேட்டாரு. இத்தனை வருஷத்துல அவர் அந்தக் கதையைப் பாதிக்கு மேல கேட்டதில்ல. கேட்டுட்டு என் கையை வேற பிடிச்சுக்கிட்டாரு. அப்பவே எனக்கு உறுதியாயிடுச்சு."

மூத்தவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு வாரமாக அழாமல் வைத்திருந்த அழுகை. அம்மாவுக்கு முன்னால் வரக் கூடாது என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கூட அழாத அழுகை. இப்போது யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? வந்துவிட்டது.

அம்மா உட்கார்ந்தபடியே அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "நீயும் தனியாத்தான்டி கிடந்திருக்க. சாயங்காலம் சாயங்காலம் அந்தப் போனை நீ ஒருத்தியே எடுத்திருக்க."

"பயமா இருக்கும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இந்தப் பயத்தை என்னால தூக்க முடியும். அவன் போயிட்டான்னு நெனைச்சதைத்தான் தூக்க முடியல."

ஸ்டுடியோக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப இந்தப் படத்தைப் பெரிசு பண்ணணுமா, வேணாமா?"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பாவம், தொழில் பார்க்கிறவர்.

"பெரிசு வேணாம்" என்றார் அப்பா. "சின்னதாப் பண்ணுங்க. சட்டைப்பையில வைக்கிற அளவுக்கு. பல்லு தெரியறதே இருக்கட்டும்."

*

திரும்பும்போது டைலரம்மாதான் ஓட்டினாள். மூத்தவள் பக்கத்தில், அம்மாவும் அப்பாவும் பின்சீட்டில். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

"முன்னால பஸ்ஸு" என்றாள் டைலரம்மா. அதற்கு மேல் பேசவில்லை. கண்ணாடியில் அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை விலக்கினாள்.

"டைலரம்மா" என்றாள் அம்மா. "அவ எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டா. இனிமே நீ கேட்கலாம்."

"எதை வேணும்னாலுமா?"

"எதை வேணும்னாலும்."

அணையைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. "புயல்னா எந்தப் பக்கத்துப் புயலு? கப்பல்ல தண்ணி இருக்குமா? குடிக்கிற தண்ணிம்மா, கடல் தண்ணி இல்ல. அவனுக்கு நீச்சல் தெரியுமா? சாப்பாடு எத்தனை நாளைக்கு வரும்? தேடிப்போன கப்பலு பெரிசா சின்னதா? நான் ஒரு வாரமா தூங்கலம்மா, வலப்பக்கம் ஸ்கூட்டர் வருது, காலைப் பிரேக்குல வச்சிருக்கேன், உங்க முகத்தைப் பார்க்கவே முடியல எனக்கு."

"சமையல்கட்டே அவன் கையிலதானே" என்றாள் அம்மா. "சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராது. என்ன, எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியாத்தான் சாப்பிடுவான். அவன் வயிறுதான் காஞ்சு கிடக்கும்."

"நீச்சல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் அப்பா.

"நீங்க சொல்லிக்கொடுத்தது மிதக்கறதுக்கு."

"இப்ப அதுதானே வேணும்?"

மூத்தவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். இவ்வளவு பேச்சும் ஒரு வாரமாக எங்கே இருந்தது? அவள்தான் வாசல் வாசலாகப் போய்ப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அம்மா பின்னாலிருந்து அவள் காதருகே குனிந்தாள். "ஓட்டக் கத்துக்க வர்றவங்க வாயை மூடினா விட மாட்டேங்கற. பெத்தவங்க வாய்க்கு மட்டும் எதுக்குடி பூட்டு?"

"தப்புதான்மா."

"தப்புன்னா சரியாப் போச்சா? இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் போன் நம்ம வீட்டுக்கு வரணும். எல்லாரும் கேட்கற மாதிரி."

*

சாயங்காலம் வருவதற்குள் அந்த வீட்டில் என்னென்னவோ நடந்தது. அப்பா டிவி வயரைச் சொருகினார். கடல் பற்றி ஒரு சேதியும் இல்லை என்று பார்த்துவிட்டு அணைத்தார். பம்பு, குடிதண்ணீர், பேட்டரி என்று தான் கேட்க வேண்டியதையெல்லாம் விரல்விட்டு எண்ணி மூத்தவளிடம் ஒப்பித்தார். அம்மா ஒரு வாரத்தில் முதல் முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டாள். சாப்பிட்ட இடத்திலேயே தூங்கியும் போனாள். முக்குக் கடைக்காரர் வந்து, "தம்பி எப்ப வருதும்மா?" என்று வாசலிலிருந்தே கேட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தெரியலப்பா, தெரிஞ்சதும் உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றாள் அம்மா. அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க வேண்டுமே.

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மாப்பிள்ளையும் வந்தார். அப்பா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து லாரிக் கதையை ஆரம்பித்தார். லாரி பள்ளத்தில் இறங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் பரம திருப்தி.

போன் வந்தது.

மூத்தவள் ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். அம்மா தன் கையை அவள் கை மேல் வைத்தாள்.

"மேடம்" என்றது கம்பெனிப் பெண்ணின் குரல். வழக்கமான குரல் இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கியது. "மேடம், நல்ல சேதி. தேடிப்போன கப்பல் போய்ச் சேர்ந்துடுச்சு. எல்லாரும் இருக்காங்க. எல்லாரும் பத்திரமா இருக்காங்க. கப்பலைக் கட்டி இழுத்துட்டு வராங்க."

அப்பா எழுந்து நின்றார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்தார். மாப்பிள்ளை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் டைலரம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உங்க தம்பிக்குக் கையில லேசாச் சுட்டுடுச்சு மேடம். கப்பல் ஆடினதுல அடுப்பு மேல விழுந்துட்டாராம். கட்டுப் போட்டிருக்காங்க."

"எந்தக் கை?" என்றாள் அம்மா, போனை நோக்கிக் குனிந்து.

"இடது கைங்க. நீங்க?"

"அவனைப் பெத்தவ."

"ஓ. வணக்கம்மா."

"இடது கைதானே. கரண்டி பிடிப்பான். நல்லா இரும்மா நீ. உன் வீட்டுல யாருக்கும் ஒரு குறை வரக் கூடாது."

"பம்பு ஓடிச்சான்னு கேளு" என்றார் அப்பா.

"அதான் வரான்ல. பம்பு எப்படிப் போனா என்ன?"

கம்பெனிப் பெண் சிரித்தாள். பிறகு தயங்கினாள். "மேடம், இன்னொண்ணு. உங்க தம்பி ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கார். அக்காகிட்ட மட்டும் சொல்லச் சொன்னாராம். நீங்க தனியா வந்து பேச முடியுமா?"

எல்லோரும் மூத்தவளைப் பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள் மூத்தவள் உறுதியாக. "ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். எதுவா இருந்தாலும் எல்லாரும் கேட்கட்டும். நீங்க சொல்லுங்க."

அம்மா கையை நீட்டிப் போனை எடுத்தாள். எந்தப் பொத்தான் என்று தேடினாள். மாப்பிள்ளை காட்டிக்கொடுத்தார். ஸ்பீக்கரை அணைத்து மூத்தவள் கையில் கொடுத்தாள்.

"போய்க் கேட்டுட்டு வா."

"அம்மா, நீதானே மறைக்கக் கூடாதுன்ன?"

"நீ மறைச்சது எங்களுக்கு வந்து சேர வேண்டிய சேதி. இது அவன் சேதி. உயிரோட இருக்கறவனுக்குத்தான்டி ரகசியம் இருக்கும். வச்சுக்கட்டும். ஆசை தீர வச்சுக்கட்டும்." அம்மா மூக்கைச் சிந்தினாள். "போ, பின்பக்கமாப் போய்ப் பேசு."

மூத்தவள் பின்பக்கம் போனாள். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நின்று போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க."

"எழுதி வச்சிருக்கேன் மேடம், அப்படியே படிக்கறேன். 'அக்கா, கரைக்கு வந்ததும் நான் நேரா வீட்டுக்கு வர மாட்டேன். அதுக்கு முன்னால வேற ஒரு வீட்டுக்குப் போகணும். நீயும் என்கூட வரணும். தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல.' அவ்வளவுதான்."

"யார் வீட்டுக்கு?"

"அதைச் சொல்றதுக்குள்ள லைன் போயிடுச்சாம் மேடம்."

போனை வைத்துவிட்டு மூத்தவள் அங்கேயே நின்றாள். இப்படி ஒரு வீடு எங்கே இருக்கிறது? யார் இருக்கிறார்கள் அங்கே? பெண் கேட்கப் போகிறானா? ஆடுகிற கப்பலில் புயலைத் தாங்கி நின்றவனுக்கு ஒரு வீட்டு வாசலில் நிற்கத் தைரியம் இல்லையாமே. அவளுக்குக் குழப்பமாக இருந்தது. குழப்பத்துக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

"கேட்டாச்சா?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னன்னு கேட்க மாட்டேன். நல்லதா, கெட்டதா? அது மட்டும் சொல்லு."

நேற்றாக இருந்தால், "நல்லதுதாம்மா" என்று ஒரு பொய்யைச் சட்டென்று எடுத்து நீட்டியிருப்பாள்.

"தெரியலம்மா" என்றாள் மூத்தவள். "நெஜமாவே எனக்குத் தெரியல."

உள்ளே தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, சாப்பிட வா" என்றாள் அம்மா. "தெரிஞ்சப்புறம் சொல்லு."